அடி இறக்கத்துக்கு எந்த ஸ்கேன்? எப்போது தேவை, எப்போது வேண்டாம்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு வைத்து, கடன் தவணை வாங்கி, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கிளம்புகிற நேரத்தில்தான் சில கேள்விகள் வரும். ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "கீழே ஏதோ தட்டுப்படுது மேடம். ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு ஆகும்? குழுவுல கடன் கேட்கலாமா?" பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி இருக்கிறது. பெயர்தான் மாறும். ஒருவர் "அடி இறங்கிடுச்சு" என்பார், இன்னொருவர் "கர்ப்பப்பை இறக்கம்" என்பார். சிலர் அதையும் சொல்லாமல் "இருமினா துணி நனையுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 2019-ல் அத்திவரதர் தரிசனத்துக்கு ஊரே வரிசையில் நின்றபோது, "எனக்கு அவ்வளவு நேரம் நிக்க முடியாதுக்கா" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட உறுப்பினர்களும் உண்டு. ஏன் நிற்க முடியாது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அதனால் இந்த இதழில் வெளிப்படையாகவே எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இடுப்புத் தளம் என்றால் என்ன?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நம் இடுப்பெலும்பின் அடியில், முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, கட்டில் கயிறு மாதிரி தசைகள் பின்னியிருக்கின்றன. இதற்குத்தான் இடுப்புத் தளம் என்று பெயர். முன்பக்கம் மூத்திரப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்பக்கம் மலக்குடல், மூன்றும் இதன்மேல்தான் இருக்கின்றன. கயிறு தொய்ந்தால் மேலே படுத்திருப்பவர் கீழே இறங்குவார் அல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. முன்பக்கம் தொய்ந்தால் மூத்திரப்பை இறங்கும். நடுவில் தொய்ந்தால் கர்ப்பப்பை இறங்கும். பின்பக்கம் தொய்ந்தால் மலக்குடல் புடைத்துக்கொண்டு வரும். ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று பக்கமும் சேர்ந்து இறங்கியிருப்பது சகஜம்.

கயிறு ஏன் தொய்கிறது? பிரசவம் முதல் காரணம். நீண்ட நேரம் முக்கிய பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் என்றால் இன்னும் அதிகம். அதற்குப் பிறகு, உடம்பு தேறுவதற்குள் குடம் தூக்குவது, வருஷக் கணக்கில் இருமல், மலச்சிக்கலில் முக்குவது, மாதவிலக்கு நின்றபின் தசை வலுவிழப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்கிறோம். தறியில் கோர்வைக்குத் துணையாக உட்கார்ந்தால் பாதியில் எழுந்திருக்க முடியாது என்று, தண்ணீரே குடிக்காமல், மூத்திரத்தையும் மலத்தையும் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அதில் வருவது மலச்சிக்கல், மலச்சிக்கலில் வருவது முக்கல்.

இது கிழவிகளுக்கு வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். செங்கல்பட்டுப் பகுதியில் 1981-ல் தொடங்கிய ரூவ்செக் என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பு, 1990-களின் கடைசியில் இதைப் பற்றிப் பெண்களிடமே உட்கார்ந்து பேசி ஓர் ஆய்வு செய்தது. டி.கே. சுந்தரி ரவீந்திரனும் அந்த அமைப்பின் பெண்களும் சேர்ந்து எழுதினார்கள். அப்போது செங்கல்பட்டும் நாமும் ஒரே மாவட்டம், 2019-ல்தான் பிரிந்தோம். குழந்தை பெறும் வயதிலேயே இந்த உபாதையோடு, வைத்தியம் பார்க்காமல், வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்துகொண்டு வருஷக் கணக்கில் இருந்த பெண்களின் கதைகள்தான் அதில் இருப்பவை. நேபாளத்தில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கர்ப்பப்பை இறக்கத்தால் இத்தனை பெண்கள் அவதிப்படுவது அவர்களுடைய உரிமை பறிபோவதற்குச் சமம் என்று சொல்லி, அரசு நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. நாம் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கிற விஷயம் அங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக இருக்கிறது.

முதல் பரிசோதனை ஸ்கேன் அல்ல

அடி இறக்கத்தைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது மகப்பேறு டாக்டரின் கண்ணும் கையும்தான். படுக்க வைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்த்து, "இருமுங்க, முக்குங்க" என்பார். எந்தப் பக்கம் இறங்குகிறது, பிறப்புறுப்பின் வாசலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உள்ளே அல்லது வெளியே வருகிறது என்று அளந்து, 1 முதல் 4 வரை நிலை சொல்வார். இந்த அளவு முறை 1996-ல் உலக டாக்டர்கள் சேர்ந்து வகுத்தது. இதற்கு மிஷின் வேண்டாம், சில நிமிஷம் போதும். பெரும்பாலான பெண்களுக்கு வைத்தியத்தை முடிவு செய்ய இதுவே போதுமானது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். காலையில் எழுந்ததும் உள்ளே போய்விடும், சாயங்காலம் வேலை முடிந்தபின் வெளியே வரும். அதனால் காலை ஒன்பது மணி ஓ.பி.யில் படுத்துக் காட்டும்போது டாக்டருக்குக் கொஞ்சமாகத்தான் தெரியலாம். "சாயங்காலம் இந்த அளவு வருது டாக்டர்" என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். நின்றுகொண்டோ குத்தவைத்தோ பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். வெட்கப்பட்டு "லேசா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

வயிற்று ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

இங்கேதான் நிறையப் பேர் பணத்தையும் நிம்மதியையும் தொலைக்கிறார்கள். தெருமுனை ஸ்கேன் சென்டரில் எடுக்கிற சாதாரண வயிற்று ஸ்கேன், கர்ப்பப்பையின் அளவு, கட்டி, சினைப்பை, மூத்திரப்பை, கிட்னி எல்லாம் காட்டும். ஆனால் நீங்கள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள், முக்கவில்லை. அப்போது அடி எவ்வளவு இறங்குகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தால், "உனக்கு ஒண்ணும் இல்லையாம், வேலையைப் பாரு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்த நார்மல் கர்ப்பப்பையைப் பற்றியது. அதைத் தாங்கும் தசையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரிப்போர்ட்டில் "பல்க்கி யூட்டரஸ்" என்று இருக்கும். கர்ப்பப்பை சற்றுப் பருமனாக இருக்கிறது என்று அர்த்தம், பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படி இருப்பது சாதாரணம். "நபோத்தியன் சிஸ்ட்" என்று இருக்கும். கர்ப்பப்பை வாயில் இருக்கிற சின்னச் சின்ன நீர்க்குமிழி, பொதுவாகத் தீங்கில்லாதது. இந்த வார்த்தைகளைப் பார்த்துப் பயந்து, "எடுத்துடுங்க டாக்டர்" என்று தாமே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது பற்றி உச்ச நீதிமன்றத்தில் 2013-ல் போடப்பட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கோர்ட் சொன்னது. அதோடு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இறக்கப் பிரச்சினை தீர்ந்தது என்பதும் இல்லை. கயிறு தொய்ந்தபடியே இருந்தால் மேல்முனையோ மூத்திரப்பையோ பிறகு இறங்கலாம். ஆகவே ஆபரேஷன் என்றால் "தாங்கும் தசையையும் சேர்த்துச் சரி செய்வீங்களா?" என்று கேளுங்கள்.

எப்போது ஸ்கேன் நிஜமாகவே உதவும்?

மூத்திரம் போன பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றினால், உள்ளே இறங்கியதைக் கையால் தள்ளிவிட்டால்தான் மூத்திரம் வருகிறது என்றால், வயிற்று ஸ்கேனிலேயே ஒரு எளிய பரிசோதனை உண்டு. மூத்திரம் முட்டும்போது ஒரு தடவை பார்ப்பார்கள், பாத்ரூம் போய்வந்த பிறகு மறுபடி பார்ப்பார்கள். உள்ளே எத்தனை மில்லி தங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் "போஸ்ட் வாய்ட் ரெசிடியூ" என்று எழுதுவார்கள். 100 மில்லிக்கு, அதாவது அரை டம்ளருக்கு, மேலே தங்கினால் டாக்டர் கவனிக்க வேண்டிய விஷயம். அடி முழுதாக வெளியே வந்து ரொம்ப நாளானவர்களுக்கு, கிட்னியிலிருந்து வரும் குழாய் மடங்கி கிட்னி வீங்கவும் கூடும். வெளியே வலி தெரியாமலே நடக்கும். அவர்களுக்குக் கிட்னி ஸ்கேன் அவசியம்.

அடுத்தது, கால் நடுவே வெளிப்புறமாக வைத்து எடுக்கும் ஸ்கேன். வயிற்றில் தடவும் அதே மாதிரி கருவிதான், உறை போட்டு, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் வெளியே வைப்பார்கள். உள்ளே எதுவும் செலுத்துவதில்லை. "சுருக்குங்க, இருமுங்க, முக்குங்க" என்று சொல்லி, மூத்திரப்பையின் கழுத்து எவ்வளவு கீழே வருகிறது, தசை எலும்பிலிருந்து கிழிந்திருக்கிறதா, தசைகளின் நடுவே இருக்கும் வாசல் எவ்வளவு விரிகிறது என்று நேரடியாகவே திரையில் பார்க்கலாம். முக்கும்போது அந்த வாசல் 25 சதுர சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் மிதமிஞ்சிய விரிவு என்று கணக்கு. எல்லா ஸ்கேன் சென்டரிலும் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருப்பதில்லை. மகப்பேறு டாக்டர் எழுதித் தந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் எடுப்பதே நல்லது.

பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன் வேறு. அது கர்ப்பப்பையையும் சினைப்பையையும் கிட்டத்தில் பார்ப்பதற்கு. அதற்கு மூத்திரம் போய்விட்டு வரவேண்டும். வயிற்று ஸ்கேனுக்குத்தான் தண்ணீர் குடித்து அடக்கி வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டு மறுபடி அலைந்தவர்கள் அதிகம், ஆகவே சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரசவத்தில் அடி கிழிந்து, பிறகு காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனவர்களுக்கு ஆசனவாய் ஸ்கேன் உண்டு. விரல் அளவு கருவியை உள்ளே வைத்துச் சுற்றிலும் படம் எடுப்பார்கள். ஆசனவாயைச் சுற்றி உள்வளையம், வெளிவளையம் என்று இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. எந்த வளையம், எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று தெரியும். பாவில் அறுந்த இழை எங்கே என்று தெரிந்தால்தானே பிணைக்க முடியும்? இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கல்யாணம், கோயில் என்று எங்கேயும் போகாமல் வீட்டோடு இருப்பவர்களில் இந்தக் காரணத்துக்காக இருப்பவர்களும் உண்டு. தையல் போட்டுச் சரி செய்யக்கூடிய கிழிசல்களும் இருக்கின்றன.

எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும்

மலம் கழிக்கும்போது பாதியில் நின்றுபோகிறது, விரலால் அழுத்தினால்தான் வெளியேறுகிறது என்பவர்களில் சிலருக்கு எக்ஸ்ரே பரிசோதனை எழுதுவார்கள். பேரியம் என்ற வெள்ளைப் பசையை ஆசனவாய் வழியே உள்ளே வைத்து, கமோடு மாதிரி நாற்காலியில் உட்கார வைத்து, வெளியேற்றச் சொல்லிப் படம் எடுப்பார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் குடல் எங்கே புடைக்கிறது, எங்கே மடிந்துகொள்கிறது என்பது உட்கார்ந்து வெளியேற்றும்போதுதான் தெரியும். மூத்திரப்பைக்கும் மருந்து ஏற்றி இதே மாதிரி எக்ஸ்ரே உண்டு. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்னால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். இடுப்புத் தளத்துக்கு, சும்மா படுக்க வைத்து மட்டும் எடுக்காமல், முக்கச் சொல்லி, அசைவோடு எடுப்பார்கள். 1991-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர டாக்டர்கள் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். குடலில் ஜெல் வைப்பதும் உண்டு. முன் எலும்பின் கீழ் விளிம்பிலிருந்து வால் எலும்பு வரை படத்தில் ஒரு கோடு போடுவார்கள். முக்கும்போது உறுப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே 3 சென்டிமீட்டருக்குள் வந்தால் லேசு, 3 முதல் 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரிவதுதான் இதன் பலன். படுத்தபடி எடுப்பதால் நிற்கும்போது வருகிற அளவு முழுதாகத் தெரியாமலும் போகலாம்.

தசைக் கிழிசலை முதலில் நன்றாகக் காட்டியதும் எம்.ஆர்.ஐ.தான். 2003-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள், முதல் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற பெண்களைப் பரிசோதித்தார்கள். ஐந்தில் ஒருவருக்குத் தசையில் சேதம் இருந்தது. (அவர்களில் பாதிப் பேர் சிறுநீர்க் கசிவு இருந்ததற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.) குழந்தை பெறாதவர்களில் ஒருவருக்கும் இல்லை. "சுகப்பிரசவம்தானே, உனக்கென்ன?" என்று கேட்கிற மாமியார்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள், மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு, தங்கத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றை நினைவு வையுங்கள். ஜரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கிறது, அது காந்தத்துக்குள் சூடாகிச் சுடலாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நல்லதாக உடுத்திக்கொண்டு போனாலும், உள்ளே போகும்போது அவர்கள் தரும் பருத்தி அங்கியை மாற்றிக்கொள்ளுங்கள். காப்பர் டி, உடம்பில் பிளேட், இதயத்துக்கு வைத்த மிஷின் எதுவாக இருந்தாலும் முன்னாலேயே சொல்லுங்கள். உள்ளே சத்தம் அதிகம், விசைத்தறிக் கொட்டகைக்குள் படுத்த மாதிரி இருக்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் அழைப்பு மணி கொடுப்பார்கள், பயந்தால் அழுத்தலாம்.

லேசான இறக்கத்துக்கு எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. ஏற்கெனவே ஆபரேஷன் செய்து மறுபடி இறங்கியவர்கள், இரண்டு மூன்று பக்கமும் சேர்ந்து இறங்கியவர்கள், டாக்டர் பார்த்ததும் நீங்கள் படும் அவதியும் பொருந்தாதவர்கள், இவர்களுக்குத்தான் அது பயன்படும். "இந்தப் படம் வந்தா என் வைத்தியம் மாறுமா டாக்டர்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மாறாது என்றால் அந்தக் கடனை வாங்க வேண்டாம்.

பணமும் மரியாதையும்

முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெரிய பரிசோதனை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைகளுக்குள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியே விட மிகக் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். எந்தப் பரிசோதனை அட்டையில் வரும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்னால் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள், எடுத்த பிறகு கேட்டால் பயனில்லை.

பரிசோதனை நேரத்தில் பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூடவே குழுவிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயத்தை அவரிடம் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, நாற்றமுள்ள நீர் வந்தாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, அடி இறக்கத்தால் உரசிய புண் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை உடனே செய்ய வேண்டும். நம் ஊர் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969-லிருந்து இருக்கிறது.

லேசான இறக்கத்துக்கும் கசிவுக்கும் முதல் வைத்தியம் தசைப் பயிற்சி. மூத்திரத்தையும் காற்றையும் அடக்குகிற மாதிரி தசையைச் சுருக்கி, 5 முதல் 10 எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் வயிற்றையும் இறுக்கக் கூடாது. தார் சுற்றும்போதுகூடச் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதற்கு மேல் இறங்கியவர்களுக்கு உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது, ஆபரேஷனும் இருக்கிறது. எது வேண்டும் என்பது வயது, இனிக் குழந்தை வேண்டுமா, வேறு நோய் உண்டா என்பதைப் பொறுத்தது.

எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், பிலிம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், மடிக்கவும் வேண்டாம். குழு பாஸ்புக் வைக்கும் பிளாஸ்டிக் பைக்குள் தேதிவாரியாக வையுங்கள். அடுத்த டாக்டர் பழைய படத்தைத்தான் முதலில் கேட்பார், அது இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார். ரிப்போர்ட்டில் "சிஸ்டோசீல்" என்றால் மூத்திரப்பை இறக்கம், "ரெக்டோசீல்" என்றால் மலக்குடல் புடைப்பு, "என்டரோசீல்" என்றால் சிறுகுடல் இறக்கம், "யூட்டரைன் டிசென்ட்" என்றால் கர்ப்பப்பை இறக்கம். வேறு வார்த்தை புரியவில்லை என்றால், அடுத்த பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குத் தாளைக் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்தபின் தனியாக உட்கார்ந்து பார்ப்போம்.